வீட்டு வாடகையா, ஆர்.வி.யா? வாசகர் கேள்விகள்

கே: டாலஸில் அபார்ட்மென்ட் வாடகை 1,600 டாலர். ஆர்.வி. (உள்ளேயே குடியிருக்கும் வசதியுள்ள வண்டி) நிறுத்தும் பார்க்கில் இட வாடகை மாதம் 700தான். மாறினால் 900 டாலர் மிச்சம் அல்லவா?

ப: அல்ல. இதே கணக்கைப் பலரும் எழுதி அனுப்புகிறார்கள்; வண்டியின் விலையை மட்டும் யாரும் சேர்ப்பதில்லை. 60,000 டாலருக்குப் புது ஃபிப்த் வீல் (பிக்கப்பின் பின்னே இழுத்துச் செல்லும் ஆர்.வி.) வாங்கினால் முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மதிப்பு போய்விடும். மாதத்துக்கு 1,000 டாலர்! உங்கள் மிச்சம் அங்கேயே தீர்ந்தது. அடுத்த ஆண்டுகளில் இறக்கம் குறையும், நிற்காது. அதை இழுக்கும் பெரிய பிக்கப்பின் விலை தனி. மாத வாடகைக்கு நிற்பவருக்கு மின்சாரம் பெரும்பாலும் மீட்டர்படி. டெக்சஸ் ஆகஸ்டில் இரண்டு ஏசி ஓடும் பில்லை நினைத்துப் பாருங்கள். எனக்குக் கோபம் வருவது விற்பனையாளர் காட்டும் தவணையைப் பார்த்துத்தான். "20 ஆண்டு, மாதம் 500" என்றால் இனிக்கிறது. ஏழாம் ஆண்டில் விற்கப் போனால் கிடைக்கும் விலையைவிடக் கடன் பாக்கி அதிகமாக இருக்கும். வாடகை வீட்டைக் காலி செய்தவனை எந்தக் கடனும் துரத்துவதில்லை. ஐந்தாறு ஆண்டு ஓடிய வண்டியை ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். அப்போது மிச்சம் உண்டு. வாங்குமுன் கூரையில் ஏறிப் பாருங்கள். நீர்க்கசிவு உள்ள வண்டி எந்த விலைக்கும் வேண்டாம்.

கே: ஆர்.வி. வாழ்க்கைக்கு மாதம் எவ்வளவு ஆகும்?

ப: எந்த வண்டி, எத்தனை பேர், எந்த மாநிலம் என்று ஒன்றும் எழுதாமல் கேட்டால் என்ன சொல்வது? பெரிய மோட்டார்ஹோம் (தானே எஞ்சினோடு ஓடும் ஆர்.வி.) கேலனுக்கு எட்டு மைல் ஓடினால் அதிகம். மாதம் 1,000 மைல் சுற்றினால் பெட்ரோலுக்கே 400 டாலர் போகும். ஒரே இடத்தில் நின்றால் அந்தச் செலவு இல்லை. விவரத்தோடு எழுதுங்கள்.

கே: 12 ஆண்டுப் பழைய மோட்டார்ஹோம் மலிவாக வருகிறது. வாங்கலாமா?

ப: பத்தாண்டைத் தாண்டிய வண்டியைச் சேர்க்காத பார்க்குகள் பல. நீங்கள் தங்க நினைக்கும் இடத்துக்கு முதலில் போன் செய்யுங்கள். டயரில் பள்ளம் ஆழமாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். பக்கவாட்டில் உள்ள தயாரிப்புத் தேதியைப் படியுங்கள். ஆறேழு ஆண்டானால் மாற்றும் செலவையும் விலையோடு கூட்டுங்கள். கூரை, மறக்க வேண்டாம்.

கே: அரிசோனா பாலைவனத்தில் இலவசமாகவே தங்கலாமாமே?

ப: மத்திய அரசின் பி.எல்.எம். (நில மேலாண்மைத் துறை) நிலங்களில் பொதுவாக 14 நாள் தங்கலாம், பிறகு நகர வேண்டும். குவார்ட்சைட் பக்கம் குளிர்காலம் முழுவதும் தங்கக் கட்டணப் பர்மிட் தரும் பகுதிகள் உண்டு. தண்ணீர் நிரப்புவது, கழிவுத் தொட்டியைக் காலி செய்வது, சோலார் அல்லது ஜெனரேட்டர், இவை எதுவும் இலவசம் அல்ல.

கே: சாதாரண ஆர்.வி. இன்சூரன்ஸ் போதுமா?

ப: போதாது. அது விடுமுறைப் பயணத்துக்கானது. வண்டியே வீடு என்றால் முழுநேரக் குடியிருப்புக்கான பாலிசி வேண்டும். பிரீமியம் கூடும் என்று உண்மையை மறைத்தால் இழப்பீடு கேட்கும் நாளில் அகப்படுவீர்கள்.

கே: ஆர்.வி. கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டா?

ப: உண்டு. படுக்கை, சமையல், கழிவறை மூன்றும் இருந்தால் அது வீடாகவே கொள்ளப்படும். ஆனால் வட்டி போன்ற செலவுகளைத் தனித்தனியே காட்டுவதற்குப் பதிலாக எடுக்கும் நிலையான கழிவே பெரிதாக இருப்பதால் பெரும்பாலோருக்கு இதனால் ஒரு டாலரும் மிஞ்சாது.