பல்லும் பந்தும்: ஹாக்கி ஆடும் பல் மருத்துவரிடம் கேட்டவை

சிங்கப்பூரில் வார நாள்களில் பல் பார்க்கிறேன், சனிக்கிழமைகளில் ஹாக்கி ஆடுகிறேன். இருபது வருடங்களுக்கு மேலாக இப்படித்தான் ஓடுகிறது. விளையாடுகிறவர்களும், விளையாடும் பிள்ளைகளைப் பெற்றவர்களும் பல்லைப் பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். உங்கள் வாயை நான் நேரில் பார்க்கவில்லை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பாசிர் ரிஸ்: டாக்டர் அக்கா, உங்களுக்கு முதலில் வந்தது ஹாக்கியா, பல்லா?

ஹாக்கிதான். உயர்நிலை மூன்றில் படிக்கும்போது எதிரணிப் பெண்ணின் மட்டை மேலே எழும்பி என் முன்பல்லை வேரோடு பெயர்த்துவிட்டது. ஆசிரியர் நல்ல மனத்தோடுதான் செய்தார்: பல்லைக் குழாயடியில் நன்றாகக் கழுவி, டிஷ்யூவால் பளபளவென்று துடைத்து, இன்னொரு டிஷ்யூவில் மடித்துக் கையில் கொடுத்தார். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கிளினிக் போய்ச் சேர்ந்தோம். பல்லைத் திரும்ப வைத்தார்கள். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக அதன் வேர் கரைந்து, நான்கு வருடத்தில் பல் போயே போய்விட்டது. இப்போது அந்த இடத்தில் இருப்பது இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் பதித்த செயற்கைப் பல்.

அன்று அம்மா, "இனிமே ஹாக்கியே வேணாம்" என்றார். பல் மருத்துவர், "விளையாடட்டும்மா, நான் ஒரு மவுத்கார்டு செஞ்சு தர்றேன்" என்றார். ஆடும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு உறை அது. அவர் வாரம் தவறாமல் பேட்மின்டன் ஆடுகிறவர் என்பது பிறகு தெரிந்தது. நான் இந்த வேலைக்கு வந்தது அவரைப் பார்த்துத்தான்.

செங்காங்கிலிருந்து ஓர் அம்மா: மகனுக்கு 11 வயது, ஃபுட்சால் (ஐவர் கால்பந்து) ஆடுகிறான். போன மாதம் அவனோடு ஆடும் பையனுக்கு முன்பல் முழுசாக விழுந்துவிட்டது. சுற்றி நின்ற பெற்றோர் யாருக்கும் கை கால் ஓடவில்லை. என்ன செய்திருக்க வேண்டும்?

பல்லைத் தேடியிருக்க வேண்டும். உதட்டில் ரத்தம் கொட்டும்போது எல்லாரும் பையனைத்தான் பார்ப்பார்கள், பல் எங்கேயோ செயற்கைப் புல்லுக்குள் கிடக்கும். ஒருவர் பையனைக் கவனிக்கட்டும், ஒருவர் பல்லைத் தேடட்டும். கிடைத்ததும், சிரித்தால் தெரிகிற வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து எடுங்கள். வேரைத் தொடாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ குழாயின் குளிர்ந்த நீரிலோ சில விநாடி காட்டினால் போதும், தேய்க்கக் கூடாது. வேரின் மேல் மெல்லிய சவ்வு ஒன்று உயிரோடு ஒட்டியிருக்கும். பல்லை எலும்போடு மறுபடி பிணைக்கப்போவது அதுதான். என் ஆசிரியர் டிஷ்யூவால் துடைத்து எடுத்ததும் அதைத்தான்.

பையன் நல்ல நினைவோடு இருந்தால் பல்லை அங்கேயே குழிக்குள் வைத்துவிடுங்கள். கேட்கவே பயமாக இருக்கும், தெரியும். ஆனால் செய்யக்கூடியதில் இதற்கு மேல் நல்லது எதுவும் இல்லை. பக்கத்துப் பல்லைப் பார்த்து முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று சரிபார்த்து, மெல்ல அழுத்துங்கள். மடித்த கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டாக்சி பிடியுங்கள். மனம் வரவில்லையா, பாலில் போடுங்கள். பாலும் கிடைக்காவிட்டால் ஒரு கோப்பையில் பையனையே துப்பச் சொல்லி அந்த எச்சிலில் போடுங்கள். தண்ணீரில் ஊறவைத்தால் சவ்வின் செல்கள் நீரை உறிஞ்சி வெடித்துவிடும். ஆனாலும் காய விடுவதற்குத் தண்ணீர் பரவாயில்லை. காற்றில் ஒரு மணி நேரம் காய்ந்த வேரில் அந்தச் சவ்வு அநேகமாகச் செத்திருக்கும். அப்போதும் பல்லைத் தூக்கிப் போடாமல் எடுத்து வாருங்கள், வைத்துப் பார்ப்போம்.

பல் மருத்துவர் அதைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் இரண்டு வாரம் கட்டி வைப்பார். வேர் முழுக்க வளர்ந்த பல்லானால் அந்த இரண்டு வாரத்துக்குள் ரூட் கெனாலும் (வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை) தொடங்கிவிடும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் எதுவும் திறந்திருக்கவில்லையா? பிள்ளைகளென்றால் கேகே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அதே அம்மா: கோப்பிக் கடையில் கிடைக்கும் டின் பால் ஆகுமா?

ஆகாது அக்கா! அதில் பாதி சர்க்கரை. செவன் இலெவனில் வெறும் பாக்கெட் பால் வாங்குங்கள். மைலோவும் வேண்டாம்.

ஜூரோங் வெஸ்ட்: ஐந்து வயதுப் பெண்ணுக்கு விளையாட்டு மைதானத்தில் பல் விழுந்தால்?

அது பால்பல். திரும்ப வைக்கக் கூடாது, அடியில் வளரும் நிரந்தரப் பல் கெட்டுவிடும். குழந்தையை மட்டும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஈசூன்: மவுத்கார்டு கடையில் வாங்கலாமா, கிளினிக்கில்தான் செய்ய வேண்டுமா? விலையில் இவ்வளவு வித்தியாசம் ஏன்?

மூன்று வகை உண்டு. அப்படியே எடுத்து மாட்டுவது ஒன்று. அது வாயில் நிற்காது, பல்லைக் கடித்தே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அதை விட்டுத்தள்ளுங்கள். இரண்டாவது, வெந்நீரில் போட்டு இளக்கிக் கடிப்பது, விளையாட்டுக் கடையில் சில வெள்ளிகளில் கிடைக்கும். மூன்றாவது, உங்கள் பல்லுக்கு அச்சு எடுத்துச் செய்வது. நூறு வெள்ளியைத் தாண்டும். மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கு இதற்கு உதவாது.

வெந்நீர் வகையில் பலரும் செய்யும் தப்பு, சூட்டோடு சூடாகப் பலமாகக் கடித்துவிடுவது. முன்பல்லுக்கு மேல் மூன்று நான்கு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடம் காகிதம் மாதிரி மெலிந்துவிடும். அது மாட்டாததற்குச் சமம்.

தொழில்முறையில் நான் மூன்றாவதைத்தான் சிபாரிசு செய்ய வேண்டும். ஆனால் மைதானத்தில் நான் பார்ப்பது வேறு. அப்பா காசு கொடுத்துச் செய்த மவுத்கார்டு பையிலேயே தூங்கும், பையன் வெறும் வாயோடு ஓடிக்கொண்டிருப்பான். கேட்டால், "பேச முடியலை, மூச்சு முட்டுது" என்பான். நானே அதை மாட்டிக்கொண்டு 60 நிமிடம் கத்தி ஓடுகிறவள் என்பதால் அவன் சொல்வது எனக்குப் புரிகிறது. அதனால் என்னிடம் செய்துகொள்கிறவர்களை உடனே அனுப்புவதில்லை. மாட்டிக்கொண்டு கிளினிக் வாசலில் நின்று தோழனின் பெயரைச் சத்தமாகக் கூப்பிடச் சொல்வேன். எங்கே இடிக்கிறதோ அங்கே செதுக்குவேன். பக்கத்துக் கடை அங்கிளுக்கு இது பழகிவிட்டது.

துவாஸிலிருந்து ஒரு தம்பி: அக்கா, விடுதியில் ஞாயிறு தோறும் கபடி ஆடுகிறோம். போன வாரம் தலையும் வாயும் மோதி ஒருவனுக்குப் பல் உடைந்துவிட்டது. மவுத்கார்டு போட்டால் "கபடி கபடி" என்று பாட முடியுமா?

நல்ல கேள்வி தம்பி. எந்தப் பாடப்புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லாததால் நானே ஒருநாள் மாட்டிக்கொண்டு பாடிப் பார்த்தேன். மேல்பல்லில் இறுக்கமாக உட்காருவதாக இருந்தால் முடியும். "ப", "க" இரண்டுக்கும் சிக்கல் இல்லை. "ட" சொல்லும்போதுதான் நாக்கு தடுக்கும். உட்பக்க விளிம்பை அண்ணத்திலிருந்து கொஞ்சம் குறைத்துவிட்டால் அதுவும் சரியாகிவிடும். வெந்நீர் வகையை வாங்கினால் உள்விளிம்பைச் சிறிய கத்தரியால் பார்த்து வெட்டுங்கள், முன்பக்கத்தில் கை வைக்காதீர்கள்.

உடைந்த துண்டு கிடைத்திருந்தால் பாலிலோ தண்ணீரிலோ போட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள், பல நேரம் அதையே திரும்ப ஒட்டிவிட முடியும். செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஹெல்த்சர்வ் தொண்டு அமைப்பில் குறைந்த செலவில் பல் பார்க்கிறார்கள்.

செராங்கூன்: கிரிக்கெட்டில்தான் ஹெல்மெட் இருக்கிறதே, பல்லுக்கு என்ன வந்தது?

மட்டை பிடிக்கும்போது இருக்கிறது. ஃபீல்டிங்கில்? 2022 டிசம்பரில் லங்கா பிரிமியர் லீக் ஆட்டத்தில் சமிக்க கருணாரத்ன பின்னால் ஓடிப் பிடித்த கேட்ச் நினைவிருக்கிறதா? பந்து வாயில் பட்டு நான்கு பற்கள் போயின, கேட்சை மட்டும் விடவில்லை. 2002-இல் ஆன்டிகுவாவில் தாடை உடைந்த கும்ப்ளே, தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு 14 ஓவர் வீசி லாராவை வீழ்த்தியதை நம் வீடுகளில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எனக்கும் அது பிடித்த கதைதான். ஆனால் தாடை உடைந்த யாரும் என்னிடம் வந்து, "கும்ப்ளே ஆடலையா?" என்று கேட்காதீர்கள்.

பீஷான்: உங்களை மாதிரி இரண்டையும் சேர்த்துக்கொண்ட பல் மருத்துவர்கள் வேறு யாராவது உண்டா?

இதற்குத்தான் காத்திருந்தேன். எனக்கு மிகவும் பிடித்தவர் ஐஸ்லாந்தின் ஹெய்மிர் ஹால்கிரிம்சன். சில ஆயிரம் பேர் வாழும் ஒரு தீவில் பல் மருத்துவர். தேசியக் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே ஊரில் பல்லும் பார்த்துக்கொண்டிருந்தார். 2016 யூரோ கால்பந்துப் போட்டியில் அவரும் இன்னொரு பயிற்றுநரான லாகர்பெக்கும் சேர்ந்து நடத்திய அணி இங்கிலாந்தை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. 2018 உலகக் கிண்ணத்தில் அர்ஜென்டினாவோடு 1-1. 2024-இல் அயர்லாந்து அணியின் பயிற்றுநரானார்.

அமெரிக்காவின் ஜிம் லான்போர்க் வேறு வழியாக வந்தவர். பேஸ்பால் பந்துவீச்சாளர், 1967-இல் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாங்கினார். ஆட்டத்தை விட்டபின் பல் மருத்துவம் படித்து, 1983-இல் பட்டம் பெற்று, கிளினிக் வைத்தார்.

கோல்ஃப் ஆடுகிறவர்கள் பந்தை நிறுத்தி வைக்கும் அந்தச் சின்ன மரக்குச்சிக்கும் எங்கள் ஆட்களுக்கும் தொடர்பு உண்டு. ஜார்ஜ் கிராண்ட் என்ற கறுப்பினப் பல் மருத்துவர், ஹார்வர்டில் படித்து அங்கேயே கற்பித்தவர், 1899-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை ஈர மணலைக் குவித்து அதன் மேல்தான் பந்தை வைப்பார்கள். அவர் அதை விற்கவே இல்லை, நண்பர்களுக்குக் கொடுத்ததோடு சரி. 1920-களில் வில்லியம் லோவெல் என்ற இன்னொரு பல் மருத்துவர்தான் தன்னுடைய குச்சியைச் சந்தைக்குக் கொண்டுவந்து பரப்பினார். மணலை அள்ளி அள்ளிக் கை சொரசொரப்பாகிவிட்டதாம் அவருக்கு. பல் மருத்துவருக்கு அந்தக் கவலை வரும், எனக்குப் புரிகிறது.

மவுத்கார்டின் கதையில் நம் ஊரும் இருக்கிறது. 1890-இல் லண்டன் பல் மருத்துவர் வுல்ஃப் கிராஸ், குத்துச்சண்டைக்காரர்களின் மேல்பல்லில் கட்டாபெர்ச்சா பட்டைகளை ஒட்டிவிட்டார். அவருடைய மகன் ஃபிலிப், தானே குத்துச்சண்டை ஆடிய பல் மருத்துவர், கழற்றி மறுபடி மாட்டக்கூடிய ரப்பர் மவுத்கார்டு செய்தார். கட்டாபெர்ச்சா என்பது மலாய்க் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். சிங்கப்பூரில் அறுவை மருத்துவராக இருந்த மாண்ட்கோமரி, மலாய்க்காரர்கள் இதில் பாராங் கத்திக்குப் பிடி செய்வதைக் கவனித்து, 1843-இல் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். பிறகு கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை, கோல்ஃப் பந்து என்று உலகமே இதைக் கேட்க, சிங்கப்பூர்த் துறைமுகம் வழியாக டன் கணக்கில் போனது, மரங்கள் காடு காடாகச் சாய்ந்தன. உங்களுக்கு ரூட் கெனால் செய்யும்போது வேருக்குள் நாங்கள் அடைக்கும் இளஞ்சிவப்புக் குச்சியும் இன்றுவரை அதே கட்டாபெர்ச்சாதான்.

மரீன் பரேட்: ஈஸ்ட் கோஸ்ட்டில் வாரம் நான்கு நாள் ஓடுகிறேன். இனிப்புத் தொடுவதில்லை, ஆனாலும் பல் கூசுகிறது.

ஓடும்போது குடிப்பது என்ன? ஐசோடோனிக் பானமாக (உப்பும் சர்க்கரையும் கலந்த விளையாட்டுப் பானம்) இருந்தால் அதுதான் ஆள். பல்லின் மேலுறையான எனாமல், பிஎச் எனும் அமில அளவு 5.5-க்குக் கீழே போனால் கரையத் தொடங்கும் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்), இந்தப் பானங்கள் பெரும்பாலும் 3, 4 என்று இருக்கும். அதற்கு மேல், ஓடும்போது வாய் காய்ந்திருக்கும், அமிலத்தைக் கழுவ எச்சில் இருக்காது. மடக்கு மடக்காக ஒரு மணி நேரம் குடித்தால் ஒரு மணி நேரமும் பல் அமிலத்தில் ஊறுகிறது. லண்டன் 2012 ஒலிம்பிக்ஸில் 302 வீரர்களின் வாயைப் பார்த்தபோது 55 விழுக்காட்டினருக்குச் சொத்தை, 45 விழுக்காட்டினருக்கு எனாமல் அரிப்பு இருந்தது. உலகத்திலேயே தேகத்தை அதிகம் கவனிப்பவர்களின் வாய் அது!

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குத் தண்ணீரே போதும். நீண்ட ஓட்டமென்றால் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தண்ணீரால் கொப்பளியுங்கள். உடனே பிரஷ்ஷைத் தூக்காதீர்கள், அப்போது எனாமல் இளகியிருக்கும்.

தோ பாயோ: மகள் நீச்சல் அணியில் இருக்கிறாள். முன்பல்லில் பழுப்புக் கறை.

குளத்து நீரில் தினமும் மணிக்கணக்கில் இருப்பவர்களுக்கு வரும். சுத்தம் செய்தால் போய்விடும். தேய்க்கவில்லை என்று திட்டாதீர்கள், பாவம்.

உட்லண்ட்ஸ்: கடைவாய்ப் பல்லை வியாழக்கிழமை பிடுங்க வேண்டும் என்கிறார்கள். சனிக்கிழமை ஃபைனல். ஆடலாமா?

பிடுங்கிய குழியில் உறையும் ரத்தம்தான் அங்கே கட்டுப்போட்ட மாதிரி. மூச்சிரைக்க ஓடினால் ரத்தம் மறுபடி கசியலாம், அந்த ரத்தக்கட்டி விழுந்துவிட்டால் வரும் வலியை எதிரிக்குக்கூட நினைக்க மாட்டேன். அதனால் பிடுங்கிவிட்டு ஆடாதீர்கள். ஆனால் "ஃபைனலை மற" என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் நீங்கள் போவீர்கள், நானாக இருந்தாலும் போவேன். வீக்கமும் காய்ச்சலும் இல்லையென்றால், சனிக்கிழமை முடியட்டும், திங்கட்கிழமை பிடுங்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். வீக்கம் இருந்தால் பேச்சே இல்லை, பல்தான் முதலில்.

கிளமெண்டி, ஜேசி (தொடக்கக் கல்லூரி) மாணவி: பல் மருத்துவம் படித்துக்கொண்டே தேசிய அணியில் ஆட முடியுமா?

இங்கே பல் மருத்துவப் பட்டம் தருவது என்யுஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) மட்டும்தான். 1929-இல் தொடங்கிய பள்ளி, நான்கு வருடப் படிப்பு. முதல் பாதியில் சமாளிக்கலாம். நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியபின் மாலைப் பயிற்சிக்கு ஓடுவது கஷ்டம், ஏனென்றால் வாயைத் திறந்தபடி ஒருவரை நாற்காலியில் விட்டுவிட்டு வர முடியாது. நான் தேசிய அணி அளவுக்கு ஆடியவள் இல்லை, ஆகவே முடியும் என்று உறுதி சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

இன்னொன்று, விரல். போன வருடம் பந்து பட்டு என் இடது சுண்டுவிரல் வீங்கி மூன்று வாரம் கிளினிக்கை மூடினேன். வீட்டில் யாரும் பரிதாபப்படவில்லை. அதன் பிறகு வலது, இடது இரண்டு கைக்கும் உறை. நீயும் இப்போதே பழகிக்கொள்.

புங்கோல்: மவுத்கார்டைக் காரில் விட்டுவிட்டேன், வளைந்துவிட்டது. மறுபடி வெந்நீரில் போட்டு நிமிர்த்தலாமா?

வேண்டாம். இந்த ஊர் வெயிலில் மூடிய கார் அடுப்புதான். ஒரு தடவை இளகி வளைந்தது பழைய அளவுக்குத் திரும்பாது. புதிது வாங்கிவிடுங்கள். ஓட்டை போட்ட டப்பாவில் வையுங்கள், கழுவுவதும் பச்சைத் தண்ணீரில்தான். அப்புறம், நாய் இருக்கிற வீடானால் உயரமான அலமாரியில் வையுங்கள். நான் செய்து கொடுத்ததில் மூன்று நாய் வயிற்றுக்குப் போயிருக்கிறது.