பனிக்காலத்தில் சைக்கிள்: வாசகர் கேள்விகள்

டிசம்பர் பிறந்ததும் சைக்கிளைத் துணி போட்டு மூடி மூலையில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அப்படி நிறுத்த மனம் வராதவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வார இறுதியில் ஒன்றிரண்டு மணி நேரம் ஆசைக்கு ஓட்டுகிறவர்களை மனதில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கே: செல்போனில் மைனஸ் 8 என்று காட்டுகிறது. சைக்கிளில் ஏறினால் மைனஸ் 15 மாதிரி இருக்கிறது. எத்தனை டிகிரி வரை துணிந்து போகலாம்? (ஸ்கார்பரோ, கனடா)

ப: உங்கள் உடம்பு சரியாகத்தான் சொல்கிறது. இலை அசையாத நாளிலும் 20 கி.மீ. வேகத்தில் மிதித்தால் அந்த அளவு காற்று முகத்தில் அடிக்கும். கனடா வானிலைத் துறை பயன்படுத்தும் காற்றுக்குளிர்க் கணக்குப்படி, மைனஸ் 8 டிகிரியில் 20 கி.மீ. காற்று அடித்தால் தோலுக்கு மைனஸ் 15 போலத் தெரியும். மைனஸ் 10 என்றால் மைனஸ் 18. அதே மைனஸ் 10-ல் வேகத்தை 30-க்கு ஏற்றினால் மைனஸ் 20. 15-க்குக் குறைத்தால் மைனஸ் 17. குளிருக்குப் பயந்து உருட்டிக்கொண்டு போவதில் லாபம் அவ்வளவுதான். இன்னொன்று: அந்தக் கணக்கில் வருவது 10 மீட்டர் உயரத்தில் அளந்த காற்று. முகத்தின் உயரத்தில் காற்று குறைவு என்று கழித்துத்தான் சூத்திரம் போட்டிருக்கிறார்கள். சைக்கிள் வேகத்தில் எழும் காற்று அப்படிக் குறைவதில்லை, முழுசாக முகத்தில் அடிக்கும். அதனால் ஒன்றிரண்டு டிகிரி கூடவே சேர்த்துக்கொள்ளுங்கள்.

காற்றுக்குளிர் மைனஸ் 28-ஐத் தாண்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையக்கூடும். பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவர் அந்தப் பக்கமே போகவேண்டாம். முதல் வருடம் என்றால் காற்றுக்குளிர் மைனஸ் 15-ஐ எல்லையாக வையுங்கள்.

ஆனால், எங்களைக் கேட்டால் மிக மோசமான நாள் மைனஸ் 15 அல்ல, பிளஸ் 1. பனி பாதி உருகி, உப்புத் தண்ணீரோடு சேர்ந்து நசநசவென்று கிடக்கும். காலணி நனையும், கையுறை நனையும். நனைந்த பிறகு எந்த உடுப்பும் காப்பாற்றாது. வெயில் அடிக்கும் மைனஸ் 7 அதைவிட ஆயிரம் மடங்கு மேல். பகலில் உருகி இரவில் மறுபடி உறைந்தால், மறுநாள் காலையில் தெரு முழுக்கக் கண்ணாடி. அன்று வீட்டில் இருங்கள்.

போகும்போது எதிர்காற்றில் போங்கள், திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளட்டும். மாற்றிச் செய்தால் வியர்த்து நனைந்த உடம்போடு எதிர்காற்றில் வீடு திரும்ப வேண்டிவரும். டொரண்டோவில் குளிர்காலக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். ஏரிக்கரையில் மார்ட்டின் குட்மன் பாதையில் ஓட்டுவதானால், கிழக்கே ஆஷ்பிரிட்ஜஸ் பே பக்கம் தொடங்கி முதலில் மேற்கே போங்கள்.

கே: இரண்டு ஸ்வெட்டர், மேலே இறகு வைத்த ஜாக்கெட். பத்தாவது நிமிடம் வியர்க்கிறது, அரை மணியில் நடுங்குகிறேன். இன்னொரு ஸ்வெட்டர் போடட்டுமா? (மார்க்கம், கனடா)

ப: வேண்டாம். ஒன்றைக் கழற்றுங்கள். உங்களை நடுங்க வைப்பது அந்த வியர்வைதான். மிதிக்கும்போது உடம்பு நிறையச் சூட்டை உண்டாக்கும். அது வெளியேற வழியில்லாவிட்டால் வியர்வை உள்ளேயே தங்கும். கொஞ்சம் நின்றாலோ, இறக்கத்தில் மிதிக்காமல் போனாலோ, அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சத் தொடங்கும். இறகு ஜாக்கெட் பேருந்து நிறுத்தத்தில் சும்மா நிற்பதற்கு நல்லது, மிதிப்பதற்கு இல்லை.

மைனஸ் 5 முதல் மைனஸ் 10 வரை மூன்று அடுக்கு போதும். உடம்போடு ஒட்டி, மெரினோ கம்பளியிலோ பாலியெஸ்டரிலோ மெல்லிய முழுக்கை பனியன். அதன் மேல் மெல்லிய ஃபிளீஸ். மேலே, முன்பக்கம் காற்றைத் தடுத்து முதுகுப் பக்கம் மூச்சுவிடும் சைக்கிள் ஜாக்கெட். ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்தி பனியனை அன்று மட்டும் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். பருத்தி ஈரத்தைக் குடித்துவிட்டு விடவே விடாது.

வாசலில் நிற்கும்போதே கதகதப்பாக இருந்தால் ஓர் அடுக்கு அதிகம் என்று அர்த்தம். முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிரத்தான் வேண்டும். ஏற்றம் வருமுன் ஜிப்பை இறக்குங்கள். வியர்த்த பிறகு இறக்கிப் பயனில்லை. எங்காவது ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்பதானால் போட்டுக்கொள்ள, மடித்தால் கைக்குள் அடங்கும் ஜாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும்.

தலைக்கு மெல்லிய மங்கி குல்லா போதும். தடித்த கம்பளிக் குல்லாவின் மேல் ஹெல்மெட்டை உட்காரவைத்தால் அது தலையோடு பொருந்தாது; விழுகிற நேரத்தில் நழுவிவிடும். ஆண்களுக்கு ஒரு வார்த்தை: காற்று புகாத முன்பக்கம் வைத்த கால்சட்டை அவசியம். இடுப்புக்குக் கீழே உறைந்துபோனால் வலி சாதாரணமாக இருக்காது.

கே: மற்றதெல்லாம் சரி, கால்விரலும் கைவிரலும்தான் வலி தாங்கவில்லை. மாத்திரை ஏதாவது உண்டா? (பிராம்ப்டன், கனடா)

ப: மாத்திரை தேவைப்படாது. முதலில் காலணியைப் பாருங்கள். இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்கிக் கட்டியிருப்பீர்கள். இறுக்கினால் ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடாவிட்டால் சூடு வராது. ஒரு சைஸ் பெரிய காலணியில் தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்று மட்டும் போட்டு, உள்ளே விரல்கள் தாராளமாக ஆடுகிறதா என்று பாருங்கள். பெடலில் பூட்டிக்கொள்ளும் காலணி என்றால், அடியில் உள்ள உலோகத் துண்டு வழியாகவும் சூடு இறங்கும். குளிர்காலத்துக்குத் தட்டைப் பெடலும் சாதாரணப் பனிக் காலணியும் மாட்டிக்கொள்ளுங்கள். வழுக்கும்போது சட்டென்று காலூன்றவும் வசதி. மிதிக்கும்போது பாதம் ஏறக்குறைய அசையாமலே இருக்கிறது. அதனால் 25 நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு 100 மீட்டர் நடங்கள். இதற்கு ஈடான வைத்தியம் வேறில்லை.

கைக்கு, விரல்கள் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட இரண்டிரண்டு விரல் சேர்ந்த கையுறை சூடு தரும். அதுவும் போதாவிட்டால் ஹேண்டில்பாரில் மாட்டும் கைக்கூடு வாங்குங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் மைனஸ் 15-லும் உள்ளே மெல்லிய கையுறையோடு பிரேக்கைத் துல்லியமாகப் பிடிக்கலாம்.

வலி இருக்கும்வரை பெரிய பயமில்லை. வலி நின்று, விரல் வெளுத்து, மரத்துப்போனால்தான் ஆபத்து. தேய்க்காதீர்கள், ஹீட்டரில் காட்டாதீர்கள்: மரத்த தோல் கிழிவதும் வேகுவதும் உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்குள் வந்தபின் 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். மறுபடி குளிருக்குள் போகவேண்டியிருந்தால் இதைச் செய்யவேண்டாம். உருகி மறுபடி உறைவது இன்னும் கெடுதல். கொப்புளம் வந்தாலோ உணர்வு திரும்பாவிட்டாலோ மருத்துவமனைக்குப் போங்கள். இலேசான குளிரிலேயே விரல் வெளுத்து நீலமாகிறதென்றால், விரலின் ரத்தக்குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கும் ரேனாட் பிரச்சினையாக இருக்கலாம். சைக்கிளை எடுக்குமுன் மருத்துவரைப் பாருங்கள்.

கே: பனிக்கட்டியில் வழுக்காமலிருக்க ஆணி பதித்த டயர், அதாவது ஆணி டயர், விலை அதிகம். முன்னால் மட்டும் போட்டால் போதுமா? (ஓஸ்லோ, நார்வே)

ப: ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், முன்னால்தான். பின்சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் நீங்கள் உணர்வதற்குள் தரையில் கிடப்பீர்கள். காசு சேர்ந்ததும் பின்னாலும் போடுங்கள். டங்ஸ்டன் கார்பைடு ஆணி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்; வெறும் எஃகு ஆணி தார்ச்சாலையில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

புது டயரை முதல் 40 கி.மீ. வெறும் தார்ச்சாலையில், திடீர் பிரேக்கும் வேகமும் இல்லாமல் ஓட்டுங்கள். அப்போதுதான் ஆணிகள் ரப்பரில் உறுதியாக அமரும். பலர் இதைச் செய்யாமல் நேரே பனிக்கட்டியில் இறங்கிவிட்டு, ஆணி உதிர்கிறது என்று டயரைக் குறை சொல்கிறார்கள். அடுத்த வருடம் மாட்டும்போது அதே சுழற்சித் திசையில் மாட்டுங்கள்.

காற்றின் அளவை மறக்கவேண்டாம். வீட்டுக்குள் 20 டிகிரியில் 50 பி.எஸ்.ஐ. அடித்த டயர், மைனஸ் 10-ல் 43 ஆகிவிடும். ஓட்டை எதுவும் இல்லை, குளிர்ந்த காற்று சுருங்குகிறது. பனிக்கட்டியில் குறைந்த காற்று நல்லதுதான், ஆணிகள் அதிகம் பதியும். ஆனால் டயரில் அச்சிட்டிருக்கும் கீழ் அளவுக்குக் கீழே போகாதீர்கள். பள்ளத்தில் ரிம் அடிவாங்கும்.

கே: ஆணி டயர் இல்லாமலே ஓட்டுகிறேன். பனிக்கட்டி எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? (மிசிசாகா, கனடா)

ப: பெருமளவு முடியும். பாலத்தின் மேல், அடியிலும் குளிர்காற்று ஓடுவதால், தரை உறைவதற்கு முன்பே உறைந்துவிடும். மரப்பாலம் இன்னும் மோசம். ஓரத்தில் குவித்த பனி வெயிலில் உருகி, பாதைக்குக் குறுக்கே ஓடி, நிழல் வந்ததும் உறையும். வளைவுகளில் இதை எதிர்பாருங்கள். சுரங்கப்பாதையின் வாய், கட்டடத்தின் வடக்கு நிழல் ஆகியவையும் அப்படித்தான். ஈரம்போல் தெரிந்து, முன்னே போகும் காரின் சக்கரத்திலிருந்து தண்ணீர் சிதறவில்லை என்றால் அது ஈரமில்லை.

அதன்மேல் போய்விட்டால் எதுவும் செய்யாதீர்கள். பிரேக் வேண்டாம், திருப்பவேண்டாம், சாயவேண்டாம், அழுத்தி மிதிக்கவும் வேண்டாம். தோளைத் தளர்த்தி நேரே கடந்துவிடுங்கள். வேகத்தைக் குறைப்பதெல்லாம் அதற்கு முன்பே, நல்ல தரையில், முடிந்தவரை பின் பிரேக்கில். சீட்டை ஒரு சென்டிமீட்டர் இறக்கி வைத்தால் கால் சட்டென்று தரை தொடும்.

புதுப்பனி ரவை மாதிரி உதிரியாக 5 செ.மீ. வரை கிடந்தால் சாதாரண டயரிலேயே இன்பமாக ஓட்டலாம். கார்கள் மிதித்துப் பழுப்பேறி, நாட்டுச் சர்க்கரை மாதிரி கிடக்கிறதே, அதில் முன்சக்கரம் தன்னிஷ்டத்துக்கு அலையும். இறங்கித் தள்ளுங்கள். டிராம் தண்டவாளத்தை எப்போதும் நேர்க்குறுக்காகக் கடக்கவும்.

கே: பாதி வழியில் பெடல் சும்மா சுற்றுகிறது, சக்கரம் நகரவில்லை. கடைக்குக் கொண்டுபோனால் நன்றாக ஓடுகிறது! (மாண்ட்ரியல், கனடா)

ப: கடை சூடாக இருக்கிறது, அதனால்தான். பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்புக்குள் பற்களைப் பிடிக்கும் சின்ன நாக்குகளை மெல்லிய ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். உள்ளே உள்ள கெட்டி கிரீஸ் குளிரில் மெழுகாகிவிட்டால், அல்லது ஈரம் புகுந்து உறைந்துவிட்டால், நாக்கு மேலெழாது. ஹப்பைப் பிரித்து, பழைய கிரீஸைத் துடைத்து, ஹப்புக்கென்றே விற்கும் மெல்லிய எண்ணெயில் நாலைந்து சொட்டு விடச் சொல்லுங்கள். வழியில் நின்றுபோனால், சூடான இடம் எதிலாவது 15 நிமிடம் நிறுத்திவைத்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

கே: ஓட்டி வந்த சைக்கிளை வீட்டுக்குள் வைப்பதா, கராஜிலா? செயின் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கிறது. (ஏஜாக்ஸ், கனடா)

ப: துருவுக்குக் காரணம் சாலையில் தூவும் உப்பு. இரண்டு செம்பு வெதுவெதுப்பான தண்ணீரைச் செயின், பல்சக்கரம், பிரேக் மீது மெதுவாக ஊற்றுங்கள். பீய்ச்சி அடிக்கும் குழாய் வேண்டாம், அது உப்பைப் பேரிங்குக்குள் தள்ளிவிடும். துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின், ஈரத்துக்கான கெட்டிச் செயின் எண்ணெயை ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கி 20 சுற்று சுற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து மேலே உள்ளதைத் துடைத்தெடுங்கள். மிச்சம் இருந்தால் மணலைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

கராஜா வீடா என்பதைவிட, பாதி ஈரத்தோடு இடம் மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம். வீட்டுக்குள் உருகிய தண்ணீர் பிரேக் கேபிளின் உறைக்குள் இறங்கும். மறுநாள் வெளியே போனதும் அங்கேயே உறைந்து, பிடித்த பிரேக் விடாது. உள்ளே கொண்டுவந்தால் முழுதாகக் காயவிடுங்கள். முடியாதென்றால் குளிரான கராஜிலேயே இருக்கட்டும். மாதம் ஒருமுறை சீட் கம்பியை உருவித் துடைத்து கிரீஸ் தடவுங்கள். உப்பு அதை ஃபிரேமோடு ஒட்டவைத்துவிட்டால் வசந்தத்தில் எந்தக் கடைக்காரராலும் எளிதில் எடுக்க முடியாது.

கே: மின்சைக்கிள் பேட்டரி? (பிராம்ப்டன், கனடா)

ப: வீட்டுக்குள் வைத்து, கிளம்பும்போது மாட்டுங்கள். தூரம் குறையும், அது இயல்பு. திரும்பிவந்ததும் சார்ஜில் போடவேண்டாம். லித்தியம் பேட்டரியைச் சுழி டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். அறையின் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள்.

கே: ஜனவரியில் விடிகாலை ஊட்டியிலிருந்து பைக்காரா பக்கம் போகிறோம். எங்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா? (ஊட்டி)

ப: பாதி பொருந்தும். 5 டிகிரியில் 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால் தோலுக்கு மைனஸ் 1 போலிருக்கும். ஏற்றத்தில் வியர்த்து, அப்படியே இறக்கத்தில் விடுவதுதான் உங்கள் பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு. உச்சியில் நின்று, செய்தித்தாள் இரண்டு பக்கத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள். காற்றையும் தடுக்கும், வியர்வையையும் உறிஞ்சும்.

மேகமில்லாத, காற்றில்லாத இரவில் குளிர்காற்று பள்ளத்தில் வந்து தேங்கும். தலைக்குந்தா போன்ற தாழ்வான புல்வெளிகளில் உறைபனி வெள்ளை வெளேரென்று கிடப்பது அதனால்தான். அந்த இடங்களில், மரநிழல் விழும் வளைவுகளில் மெதுவாகப் போங்கள். வெயில் சாலையில் விழுந்தபின் கிளம்புவது இன்னும் நல்லது. மூடுபனியில் காட்டெருமை பக்கத்தில் வந்தபிறகுதான் தெரியும். ரிம் பிரேக் என்றால், பனியில் நனைந்த ரிம் முதல் இரண்டு மூன்று சுற்றுக்குப் பிடிக்காது. வளைவுக்கு முன்பே லேசாகத் தொட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள்.

கே: எனக்கு லேசான ஆஸ்துமா. போகலாமா? (லண்டன்)

ப: மருத்துவர் சம்மதித்தால் போகலாம். குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும். மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடினால், விடும் மூச்சின் ஈரமும் சூடும் இழுக்கும் காற்றோடு கலக்கும். பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தைத் தாண்டவேண்டாம். இன்ஹேலரை வெளிப்பையில் வைக்காமல் உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் வையுங்கள். குளிர்ந்துவிட்டால் அது சரியாகப் பீய்ச்சாது.

கே: தண்ணீர்ப் பாட்டில் உறைந்துவிடுகிறதே? (ஸ்கார்பரோ, கனடா)

ப: முதலில் உறைவது மூடியின் வாய்தான். வெந்நீர் நிரப்பித் தலைகீழாக வைத்தால் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதற்குமேல் ஃபிளாஸ்க்தான். சுக்குக் காப்பி போட்டு எடுத்துப் போங்கள். தாகம் எடுக்காவிட்டாலும் 20 நிமிடத்துக்கு இரண்டு மடக்கு.