பாட்டி சேலையோட முங்குனா என்ன தப்பு?

கேள்வி: அக்கா, போன மாசம் எங்க தோட்டத்து ஆளுங்க பஸ் புடிச்சு போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனோம். பாட்டி சேலையோடவே எறங்கி மூக்கைப் புடிச்சு மூணு முங்கு போட்டுட்டு ஏறிட்டாங்க. கோலாலம்பூர்ல படிக்கிற தம்பி "இதெல்லாம் ஒரு குளியலா, வெள்ளைக்காரன் எப்படி நீந்துறான் பாருங்க"ன்னு ஒரே கிண்டல். கடல்ல குளிக்கிறத ஆரம்பிச்சு வச்சதே அவங்கதானா?
- வாசகி, ரந்தாவ்

பதில்: தம்பிகிட்ட சொல்லும்மா, வெள்ளைக்காரனும் மொதல்ல பாட்டி மாதிரிதான் முங்குனான், அதுவும் முக்கிவிட ஆள் வச்சு. நம்மாளுங்க ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்துல முங்குறது, மாசி மகத்துக்குக் கடலுக்குப் போறது எல்லாம் சாமி கணக்கு, அவங்களுக்கு அது டாக்டர் கணக்கு. இங்கிலாந்துல ரிச்சர்ட் ரஸ்ஸல்னு ஒரு டாக்டர் 1750ல லத்தீன்ல ஒரு புஸ்தகம் போட்டாரு, சுரப்பி வீங்குறதுக்கெல்லாம் கடல் தண்ணிதான் மருந்து, குளிச்சா மட்டும் பத்தாது குடிக்கணும்னு. அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல குடிச்சா பெரியவங்களுக்கு மூணு நாலு வாட்டி நல்லா போகும்னு அவரே எழுதுறாரு (ஸ்கூல் லீவுல நம்மள வரிசையா நிக்க வச்சு வெளக்கெண்ண ஊத்துனாங்களே, அதே வேலைதான், இவரு லத்தீன்ல சொன்னாரு). அத நம்பி பணக்காரங்க எல்லாம் பிரைட்டனுக்குக் கெளம்பிட்டாங்க, அப்ப அது வெறும் மீன்புடிக்கிற ஊரு.

வந்தவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு நீச்சல் தெரியாது. சக்கரம் வச்ச மரப்பெட்டி ஒண்ணு, குட்டி வீடு மாதிரி, அதுக்குள்ள ஏறி உடுப்பு மாத்திக்கணும், குதிர அத தண்ணிக்குள்ள இழுத்துட்டுப் போகும், கடல் பக்கக் கதவத் தொறந்தா கீழ வாட்டசாட்டமா ஒரு பொம்பள நின்னுக்கிட்டு இருப்பாங்க, புடிச்சு தண்ணியில ஒரே அமுக்கு. முக்கிவிடுறதே அவங்களுக்குத் தொழில். பிரைட்டன்ல மார்த்தா கன்னுன்னு ஒரு அம்மா இதுலயே பேரு வாங்குனவங்க. 1789ல மூணாம் ஜார்ஜ் ராஜா வேமவுத் கடல்ல எறங்குனப்போ, அவரு தல தண்ணிக்குள்ள போறதும் பக்கத்துப் பெட்டியில இருந்து பேண்டுக்காரங்க ராஜாவ வாழ்த்துற பாட்டு வாசிக்கிறதும் ஒரே நேரம். உங்க பாட்டிக்கு பேண்டு இல்ல, அவ்ளோதான் வித்தியாசம். நீந்தி வெளையாடுறது, வெயில்ல காயுறது எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்த பழக்கம்.

கேள்வி: கடல் பக்கத்துலயே இருக்கு, அப்புறம் எதுக்கு கடல் தண்ணியில குளம் கட்டுறாங்க? யூடியூப்ல பார்த்தேன், காசுக்குப் புடிச்ச கேடா?
- வாசகர், பகாவ்

பதில்: காசு இல்ல ஐயா, பயம். அலை இழுக்கும், சுறா வரும். ஆஸ்திரேலியாவுல சிட்னி பக்கம் கரைப் பாறையிலயே குளம் வெட்டிட்டாங்க, அலை செவுத்தத் தாண்டி உள்ள விழுந்து தண்ணிய மாத்திக்கிட்டே இருக்கும், குளோரினும் வேணாம் ஒண்ணும் வேணாம். நியூகாசில்ல ஒரு குளம் இருக்கு, அங்க இருந்த ராணுவ அதிகாரி மோரிசெட் தான் குளிக்கறதுக்காக 1819 வாக்குல கைதிங்கள வச்சு பாறைய வெட்டுனது, ஊர் சனம் எறங்குனது ரொம்ப வருஷம் கழிச்சுத்தான். தொர குளிக்க யாரோ கல்லு வெட்டுன கத, நமக்குப் புதுசா என்ன.

நம்ம பக்கம் பாறைக்குப் பதிலா பாகார். கடலுக்குள்ளயே மரத்தூண வரிசையா நட்டு வேலி அடிச்சு உள்ள குளிக்கிறது, வேலிக்கு மலாய்ல பாகார்தானே. சிங்கப்பூர் காத்தோங் பார்க்ல அப்படி ஒண்ணு இருந்துச்சு, 1966ல கடலத் தூர்க்க ஆரம்பிச்சாங்க பாருங்க, மண்ணக் கொட்டிக் கொட்டி கரை தூரமாப் போயி இப்ப அந்த பார்க்ல நின்னா கடலே தெரியாது. இங்கிலாந்துல இந்த மாதிரி குளத்துக்கெல்லாம் 1930கள்தான் நல்ல காலம், பென்சான்ஸ்ல 1935ல தொறந்த முக்கோணக் குளத்துல இன்னிக்கும் கடல் தண்ணிதான்.

கேள்வி: பொம்பளைங்க மட்டும் கூச்சமில்லாம குளிக்கிற கடல் எங்கயாச்சும் இருக்கா அக்கா?
- வாசகி, லிங்கி

பதில்: இருக்கும்மா. சிட்னி கூஜீல மெக்ஐவர்ஸ்னு ஒரு பாறைக்குளம், 100 வருஷத்துக்கு மேல பொம்பளைங்களும் சின்னப் புள்ளைங்களும் மட்டும்தான். இதே சிட்னியிலதான் பகல்ல யாரு கண்ணுலயும் படுற மாதிரி கடல்ல எறங்கக் கூடாதுன்னு சட்டமே இருந்துச்சு, 1902ல மேன்லி கடற்கரையில வில்லியம் காக்கர்னு பத்திரிகை நடத்துனவரு "எறங்கப் போறேன்"னு முன்கூட்டியே போட்டுட்டு எறங்கிக் காட்டுனாரு. ஆம்பளைக்கே அந்த நெலம.

சிட்னி டிக்கெட்டுக்கு சம்பளம் பத்தாதுன்னா போர்ட்டிக்சனுக்கே காலையில ஏழரைக்கெல்லாம் போயிரு. ஞாயித்துக்கெழம மட்டும் வேணாம்.