வாடகை நூலகக்காரரிடம் கேளுங்கள்: கொஞ்சம் சுஜாதா, நிறைய பொன்னியின் செல்வன்

இருபத்திரண்டு வருடம் வாடகை நூலகம் நடத்தியவன் நான். விமர்சகன் இல்லை. எந்தப் புத்தகம் மறுநாளே திரும்பி வரும், எது மூன்று வாரம் வீட்டில் தூங்கும் என்று தெரியும், அவ்வளவுதான். கேளுங்கள்.

கேள்வி: சுஜாதாவை இப்போதுதான் தொடங்குகிறேன். ‘என் இனிய இயந்திரா’ வாங்கிவிட்டேன். சரியா சார்?

சரிதான். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை, நடப்பதோ 2021இல். அந்த வருடத்தை நாமே தாண்டி வந்துவிட்டோம், ஆனாலும் ஜீனோ என்கிற இயந்திர நாய் வாயைத் திறந்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அது இல்லாத பக்கங்களில் நான் கொட்டாவி விட்டிருக்கிறேன். பிடித்திருந்தால் ‘மீண்டும் ஜீனோ’. எந்த நாவலானாலும் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். பாதி முன்னுரைகள் கதையைப் போட்டு உடைத்துவிடும்.

கேள்வி: பொன்னியின் செல்வனை இரண்டு தடவை ஆரம்பித்து விட்டுவிட்டேன். எப்படிப் படிப்பது?

மெதுவாக. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரா வாரம் வந்த கதை அது. அடுத்த இதழ் வரும்வரை ஆளைத் தவிக்க வைக்க வேண்டும் என்பதற்காகவே அத்தியாயத்தின் கடைசி வரியில் யாரோ மறைந்து நிற்பார்கள், எங்கேயோ காலடிச் சத்தம் கேட்கும். ஒரே மூச்சில் முப்பது அத்தியாயம் போனால் இந்த வித்தை சலித்துவிடும். நாளைக்கு இரண்டு போதும். என் கடையில் முதல் பாகமான ‘புது வெள்ளம்’ ஆமை வேகத்தில்தான் திரும்பும். மூன்றாவது, ‘கொலைவாள்’, வருவதற்குள் நான்கு பேர் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். நூறு பக்கம் தாண்டுங்கள், அப்புறம் அதுவே இழுத்துக்கொண்டு போகும்.

கேள்வி: சு. வெங்கடேசனின் ‘வேள்பாரி’ நாவல்?

காடு வருகிற இடங்கள் அபாரம். போர் எனக்கு நீளம். என் மனைவிக்கு நேர்மாறு.

கேள்வி: சினிமா இரண்டு பாகமும் பார்த்தாச்சு. இனி பொன்னியின் செல்வன் படிக்கணுமா அண்ணா?

மணிமேகலையைச் சினிமாவில் பார்த்தீர்களா தம்பி? இல்லையே. படியுங்கள்.

கேள்வி: ஐந்து பாகமும் படிக்கணுமா? சுருக்கப் பதிப்பு போதாதா?

போதாது. கல்கியின் எழுத்து 1999இல் நாட்டுடைமை ஆனது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். விலை மலிவு என்று வாங்கிவிட்டு, உள்ளே சின்ன எழுத்தில் ‘சுருக்கம்’ என்றிருப்பதை வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் நிறையப் பேர். ஐந்து பாகத்தின் பெயரும் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். முன்னுரையை அங்கே படிக்க வேண்டாம்.

கேள்வி: ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது நந்தினிதானே?

நாவலில் யார் என்று நான் சொல்லப் போவதில்லை. வரலாற்றில் நந்தினியே கிடையாது, அவள் கல்கியின் கற்பனை. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயர்களைச் சொல்லி, அவர்கள் உறவினர் சொத்துகளைப் பறிப்பது பற்றிப் பேசுகிறது. கதாநாயகன் வந்தியத்தேவன் குதிரையில் வந்து நிற்கும் வீரநாராயண ஏரி, அதாவது இன்றைய வீராணம், அதே ஊர்ப் பக்கம்தான். இதை நினைத்தாலே எனக்குக் கொஞ்சம் சிலிர்க்கும்.

கேள்வி: ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன்தான் தூண்டினான் ஐயா. அவன் ஆண்ட காலம் முழுவதும் கொலைகாரர்களை ஏன் விட்டுவைத்தான்?

வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியின் சந்தேகமும் உத்தமன் மேல்தான். வலுவான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் ஏற்கவில்லை. உத்தமனுக்குப் பங்கிருந்தால், அவன் மகனைத் தன் ஆட்சியில் அதிகாரியாக ராஜராஜன் வைத்திருப்பானா?

கேள்வி: அதெல்லாம் அரசியல் ஐயா! பகையாளி மகனைப் பக்கத்திலேயே வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

இருக்கட்டும். ராஜராஜன் தன் மகன் ராஜேந்திரனுக்கு மதுராந்தகன் என்று பெயர் வைத்தானே, அது உத்தமனுடைய பெயரும்தானே? அண்ணனைக் கொன்றவன் பெயரையா பிள்ளைக்கு வைப்பான்?

கேள்வி: மதுராந்தகன் பட்டப் பெயர். பாட்டன் பராந்தகனே ‘மதுரை கொண்ட’வன்தானே.

இது நல்ல அடி. சரி, இதில் பாதி உங்களுக்கு. ஆனால் பறித்த நிலம் பற்றிய ஆணையை வைத்து, அதுவரை யாருமே தண்டிக்கப்படவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? ஆட்களுக்குத் தண்டனை முன்பே நடந்திருக்கலாம், சொத்து விவகாரம் பின்னால் முடிந்திருக்கலாம். நம் ஊரில் சொத்துத் தகராறு என்றைக்கு உடனே முடிந்திருக்கிறது?

கேள்வி: நாவல் எழுதியிருக்கிறேன். நல்ல பதிப்பாளர் சொல்லுங்கள்.

நான் வாடகைக்கு விட்டவன். பதிப்பாளர்களையே கேளுங்கள்.

கேள்வி: முடிவு சப்பென்று இருக்கிறதாமே, பொன்னியின் செல்வன்?

அன்றைக்கே வாசகர்கள் குறைப்பட்டார்கள். கல்கியே முடிவுரை எழுதிச் சமாதானம் சொன்னார். அதையாவது கடைசியில் படியுங்கள்.

கேள்வி: ஐயா, பொன்னியின் செல்வனை எங்கிருந்து தொடங்கலாம்?

வீராணம் ஏரிக்கரையிலிருந்து. முன்னுரையைத் தாண்டி வாருங்கள்.