முடிவு தெரிந்த பின்னும் வாசிக்க முடிந்த நாவல்கள்

அண்மையில் வாசித்த மிகுபுனைவு (ஃபான்டஸி), திரில்லர் நாவல்களில் எவை மனதில் நின்றன, எவை ஏமாற்றின என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலையிலிருந்து கந்தளாய்க்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவன். ஒரு வழிப் பயணத்துக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் பிடிக்கும் என்பதால், யன்னலோர இருக்கை கிடைக்கும் நாட்களில் முப்பது நாற்பது பக்கங்கள் ஓடிவிடும். இந்த ஆண்டு அப்படி முடித்தவற்றில் நான்கைந்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஏமாற்றியதிலிருந்து தொடங்குகிறேன். அலெக்ஸ் மைக்கிலிடிஸ் எழுதி 2019இல் வெளிவந்த 'த சைலண்ட் பேஷண்ட்' நாவலை என் தங்கையின் மகள் கொடுத்தாள். கொடுக்கும்போதே, "மாமா, கடைசி ஐம்பது பக்கத்திலதான் விஷயம் இருக்கு, அதுவரைக்கும் பொறுத்து வாசியுங்கோ" என்றாள். "அப்ப மிச்சப் பக்கமெல்லாம் என்னத்துக்குப் பிள்ளை?" என்று கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டாள். கணவனை ஐந்து முறை சுட்டுக் கொன்றுவிட்டு அதன்பின் ஒரு சொல்லும் பேசாத ஓவியரையும், அவரைப் பேசவைக்க முயலும் உளச்சிகிச்சையாளரையும் பற்றிய கதை அது. தொடக்கம் ஆளை இழுத்து வைத்துக்கொள்கிறது என்பதில் ஐயமில்லை. திருப்பம் வந்தபோது நானும் அதிர்ந்தேன். ஆனால் கந்தளாயில் இறங்கி அலுவலகப் படி ஏறுவதற்குள் அந்த அதிர்ச்சி ஆறிவிட்டது. எங்கே ஏமாந்தேன் என்று பார்ப்பதற்காக முதல் ஐம்பது பக்கங்களை மறுபடி புரட்டினேன். கதைசொல்லி வாய்விட்டுப் பொய் சொன்ன இடம் எதுவும் அகப்படவில்லை. அத்தியாயங்களை அடுக்கிய விதம்தான் என்னை ஏமாற்றியிருந்தது. ஆகவே முறைப்படி அது நியாயமான ஆட்டம்தான். இருந்தும், அந்த முடிவை உங்களிடம் சொல்லிவிட்டால் நாவலில் உங்களுக்கு மிஞ்சுவது மிகக் குறைவு என்பதனால்தான் சொல்லாமல் விடுகிறேன், என் முறைப்பாடும் அதுவே.

இதற்கு நேர்மாறானது ஃபிரெடரிக் ஃபோர்சைத்தின் 'த டே ஒஃப் த ஜக்கல்'. கொழும்பு மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிய பிரதி. முதுகு உடைந்து, பக்கங்கள் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டன. பிரெஞ்சு ஜனாதிபதி டி கோலைக் கொல்ல ஓர் ஆங்கிலேயக் கூலிக் கொலையாளியை ஐந்து இலட்சம் டொலருக்கு அமர்த்துகிறார்கள் என்பதே கதை. ஃபோர்சைத் இதை எழுதி முடித்தபோது டி கோல் உயிரோடிருந்தார்; பிறகு 1970 நவம்பரில் தம் வீட்டிலேயே இயற்கையாக இறந்தார். கொலை நடக்கவில்லை என்பது ஊருக்கே தெரிந்த செய்தி, பிறகு யார் இதை வாங்கி வாசிப்பார்கள் என்று எண்ணிப் பல பதிப்பாளர்கள் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பினார்கள். 1971இல் வெளிவந்த பிறகு நடந்தது வேறு.

முடிவு தெரிந்த கதையில் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்பதை இம்முறை பொறுமையாகக் கவனித்தேன். ஃபோர்சைத் 1960களின் தொடக்கத்தில் பாரிஸில் செய்தியாளராக இருந்தவர், அந்த அனுபவம் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. இறந்துபோன குழந்தை ஒன்றின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு கடவுச்சீட்டு எடுப்பது எப்படி, துப்பாக்கியை எத்தனை துண்டாகக் கழற்றலாம், எந்த வேடத்துக்கு எந்த உடை என்று அவர் ஒரு கைத்தொழிலைக் கற்பிப்பவரைப் போல அடுக்கிக்கொண்டே போகிறார். ஒரு மெலன் பழத்தை வலைப்பையில் கட்டிக் காட்டு மரமொன்றில் தொங்கவிட்டுக் கொலையாளி துப்பாக்கியைச் சரிபார்க்கும் இடத்தில் மனிதர் யாருக்கும் ஒரு கீறலும் விழுவதில்லை, ஆனால் நாவலிலேயே எனக்கு வியர்த்தது அங்கேதான். முடிவைச் சொன்னாலும் இந்த நாவல் கெடாது என்பதால் சொல்லிவிடுகிறேன். பதக்கம் பெறும் படைவீரரின் கன்னத்தில் முத்தமிட நெடிய மனிதரான டி கோல் குனிகிறார். குண்டு பின்னால் போய்விடுகிறது. எல்லாவற்றையும் கணக்குப் போட்டவன் ஆங்கிலேயன் என்பதால், பிரெஞ்சுக்காரரின் அந்த வழக்கம் மட்டும் அவனுடைய கணக்கில் வரவில்லை. பெண் பாத்திரங்களைப் பொறுத்தவரை நாவல் வறண்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; அவர்கள் கதைக்குத் தேவைப்படும்போது வந்து, தேவை முடிந்ததும் போய்விடுகிறார்கள்.

மிகுபுனைவில் இந்த ஆண்டு என்னை முழுதாகக் கட்டிப்போட்டது உர்சுலா லெ குவின் 1968இல் வெளியிட்ட 'எ விசார்ட் ஒஃப் ஏர்த்ஸீ'. மெல்லிய புத்தகம், உலகமோ முழுவதும் தீவுகள். ஆடு மேய்க்கும் சிறுவனாக இருந்த கெட் என்பவன் மந்திரம் கற்கப் போகிறான். சக மாணவனுக்கு முன்னால் தன் ஆற்றலைக் காட்டும் திமிரில் இறந்தோர் உலகிலிருந்து ஒரு நிழலை இழுத்துவிடுகிறான். பிறகு அந்த நிழலுக்கு அஞ்சி ஓடுகிறான், இறுதியில் திரும்பி அதையே துரத்துகிறான்.

அந்த உலகில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு, அதை அறிந்தவனுக்கே அதன்மேல் ஆட்சி. ஆதலால் மனிதர்கள் தம் உண்மைப் பெயரை உயிர்போல் ஒளித்து வைத்து, ஊருக்கு வேறொரு பெயரைக் கொடுக்கிறார்கள். மேல்நாட்டு வாசகர்களுக்கு இது புதுமையாக இருந்திருக்கலாம். என் அம்மம்மா, அம்மப்பாவின் பெயரைச் சாகும்வரை வாயால் சொன்னதில்லை. வாக்காளர் இடாப்புக்குப் பெயர் பதிய வந்தவரிடம்கூட, "நீ சொல்லு தம்பி" என்று என்னைத்தான் முன்னால் தள்ளினார். பெயரில் ஏதோ இருக்கிறது என்று நம்பிய வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்த விதியை ஏற்றுக்கொள்ள ஒரு பக்கம்கூடத் தேவைப்படவில்லை.

காற்றைப் பற்றி அவர் எழுதியிருப்பதும் அப்படித்தான். மந்திரவாதியால் பாய்க்குள் காற்றை வரவழைக்க முடியும். ஆனால் ஒரு தீவில் அழைத்த மழை இன்னொரு தீவில் வறட்சியாக முடியலாம் என்று ஆசிரியர்கள் எச்சரிக்கிறார்கள். சிறுவயதில் கொட்டியாரக்குடாவைக் கடந்து மூதூருக்கு லோஞ்சில் போனவர்களுக்கும், வாடை கிளம்பினால் வள்ளங்கள் கரையேறிக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கும் காற்று சும்மா வருவதில்லை என்பது தெரியும். இன்னோரிடத்தில், கடற்பயணத்துக்காகக் கோதுமை அப்பம் சுடும் ஒரு சிறுமி, உணவையும் மந்திரத்தால் உண்டாக்கினால் என்ன என்று கேட்கிறாள். உண்டாக்கலாம், வாசமும் சுவையும் இருக்கும், வயிறு நிறைந்ததுபோலவும் தோன்றும், ஆனால் உடம்பில் ஒட்டாது என்பது அவளுக்குக் கிடைக்கும் பதில். அடுப்படியில் நடக்கும் அந்தச் சின்ன உரையாடலிலேயே மந்திரத்தின் எல்லை முழுவதும் வந்துவிடுகிறது. தடித்த மிகுபுனைவுகள் பின்னிணைப்புப் போட்டு விளக்குவதை லெ குவின் அப்பம் சுடும் நேரத்தில் முடித்துவிடுகிறார். நிழலின் பெயர் என்ன என்பதை நான் பாதியிலேயே ஊகித்துவிட்டேன். ஊகம் சரியாகப் போனதில் எனக்குக் கிடைத்தது மகிழ்ச்சிதான். இடையில் ஒரு செய்தி: கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவனுடைய தோழன் கறுப்பன், வெள்ளையர்கள் அங்கே படையெடுத்து வரும் அயலார், அப்படியிருந்தும் பழைய அட்டைப்படங்களில் கெட்டை வெள்ளையனாகவே வரைந்தார்கள், அதை லெ குவின் வெளிப்படையாகவே கண்டித்தார்.

ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் சிம்மாசனக் கதையை ('கேம் ஒஃப் த்ரோன்ஸ்' நாவல் வரிசையை) ஐந்தாம் பாகத்தோடு நிறுத்திவிட்டேன். அந்தப் பாகம் வந்தது 2011இல், ஆறாவதுக்குக் காத்திருந்து எனக்கு நரை விழுந்ததுதான் மிச்சம்.

மிகுபுனைவும் திரில்லரும் ஒரே புத்தகத்தில் வேண்டுமென்றால், 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலக்கவின் 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மெய்தா'. 1990ஆம் ஆண்டுக் கொழும்பில் கொலையுண்ட ஒரு போர்ப் புகைப்படக்காரன், ஏழு இரவுகளுக்குள் தன்னைக் கொன்றவன் யார் என்று கண்டறிந்து, கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்த படங்களை உயிரோடிருக்கும் நண்பர்களின் கையில் சேர்க்க வேண்டும். கதை முழுவதும் 'நீ' என்ற முன்னிலையில் செல்கிறது. ஆவிகள் காற்றேறிப் பயணம் செய்யலாம், தம் பெயர் எங்கே உச்சரிக்கப்படுகிறதோ அங்கே போகலாம். பார்த்தீர்களா, இங்கும் பெயர்தான்.

மறுமை என்பது வரிசைகளும் படிவங்களும் கூச்சல்களும் நிறைந்த ஓர் அரச அலுவலகம் என்று அவர் காட்டியிருப்பது வெறும் நகைச்சுவையல்ல. காணாமற்போன பிள்ளையின் படத்தையும் கடிதக் கட்டையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும் ஆணைக்குழுக்களுக்கும் ஏறி இறங்கிய தாய்மாரைக் கண்ட ஊரில் இருந்து வாசிக்கையில், சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. 1990 யூனில் போர் மீண்டும் வெடித்ததும் எங்கள் மாவட்டத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் படகேறி இந்தியா போயின. அந்த ஆண்டை எங்களுக்கு அடிக்குறிப்புப் போட்டு விளக்க வேண்டியதில்லை. பதிவேட்டோடு வரும் ராணி ஸ்ரீதரன் என்ற பாத்திரத்தில், 1989 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட மருத்துவரும் மனித உரிமைச் செயற்பாட்டாளருமான ராஜினி திராணகமவை அடையாளம் காணாத தமிழ் வாசகர் குறைவு. அவரைச் செத்த பிறகும் வேலை செய்பவராக, அதுவும் பொறுமை இழக்கும் ஓர் அலுவலராகக் காட்டியது சரியா என்று எங்கள் வீட்டிலேயே வாக்குவாதம் நடந்தது. எனக்குச் சரியென்றே பட்டது, தங்கைக்குப் படவில்லை. குறை என்று பார்த்தால், நடுப்பகுதியில் இயக்கப் பெயர்ச் சுருக்கங்களும் பேய்களும் மிதமிஞ்சிவிட்டன. கொலையாளி யார் என்ற விடையும் கேள்வியின் கனத்துக்கு ஈடாகவில்லை. ஆனால் கொலையாளியை அறிந்துகொண்ட பிறகும் இரண்டாம் முறை வாசித்தேன், அந்தப் படங்கள் என்ன ஆகின்றன என்பதற்காக.

தமிழில் மறுவாசிப்பாகச் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. நடப்பது பேயின் வேலையா, ஒளியால் முப்பரிமாணப் பிம்பம் காட்டும் ஹோலோகிராம் என்ற விஞ்ஞானத்தின் வேலையா என்பதில் வழக்கறிஞர் கணேஷின் உதவியாளன் வசந்த் ஒரு பக்கம், கணேஷ் ஒரு பக்கம். சுஜாதா இரண்டு வழிக்குமான தடயங்களையும் ஒளிக்காமல் முன்னால் வைத்துவிட்டு, கடைசியில் கதவைச் சாத்தாமல் போகிறார். இருபது வயதில் இது எனக்கு ஏமாற்றமாகத் தெரிந்தது. இப்போது வசந்த் பக்கம் சாய்ந்திருக்கிறேன், காரணம் கேட்காதீர்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் ஏர்த்ஸீயை எடுங்கள், வார இறுதி ஒன்றில் முடிந்துவிடும். தங்கை மகளிடம் ஜக்கலைக் கொடுத்திருக்கிறேன். டி கோல் சாகமாட்டார் என்பதையும், ஏன் சாகமாட்டார் என்பதையும் முதலிலேயே சொல்லித்தான் கொடுத்தேன். நேற்றிரவு பத்தரை மணிக்கு வட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: "மாமா, அந்தத் துவக்கை எல்லையால எப்பிடிக் கொண்டு வரப்போறான்?"