வெள்ளம் வரும் தெருவில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து உருப்படியாக என்ன செய்ய முடியும்?

கேள்வி: எங்கள் தெருவில் வாட்ஸ்அப் குழு இருக்கிறது, கேமராவும் போட்டாயிற்று. மழைக்காலத்துக்கு முன் வேறென்ன ஏற்பாடு செய்துவைக்கலாம்?

பதில்:

ஒரு 80 பக்க நோட்டும் பென்சிலும் வாங்குங்கள். கிண்டல் செய்யவில்லை. எங்கள் தெருவில் பத்து வருடமாக உருப்படியாக இருக்கும் ஒரே ஏற்பாடு அதுதான்.

நான் இருப்பது சென்னைப் புறநகரில், மேற்குத் தாம்பரம் தாண்டி, முடிச்சூர் பக்கம். 2015 நவம்பர் பாதியிலேயே ஒரு வெள்ளம் பார்த்துவிட்டோம். ஏரிகளெல்லாம் தளும்பிக்கொண்டிருந்தன. அதன் மேல் டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. தெருவில் இரவு எட்டு மணிக்குக் கணுக்கால் அளவு தண்ணீர். பதினொரு மணிக்கு இடுப்பளவு.

வாட்ஸ்அப் குழு அப்போதும் இருந்தது. முதலில் கரண்ட் போனது, அப்புறம் டவர், அதற்குள் பாதிப் பேருக்கு சார்ஜும் போய்விட்டது. அதில் கடைசியாக வந்த செய்தி "யாரும் பயப்பட வேண்டாம்". அனுப்பியவர் வீட்டில் அந்த நேரத்தில் ஃப்ரிட்ஜ் மிதந்துகொண்டிருந்ததாம்.

மறுநாள் மீனவர்கள் படகோடு வந்தார்கள். வந்ததும் கேட்டது ஒன்றுதான்: "எந்தெந்த வீட்ல ஆள் இருக்காங்க? யாரை முதல்ல ஏத்தணும்?" மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பதில் சொன்னவர் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர். "மூணாவது வீட்டுப் பின்பக்கத்துல ஒரு பாட்டி இருக்கு, நடக்க முடியாது. பேரப் பையன் மட்டும்தான் கூட." பாட்டியைப் பரண்மேல் ஏற்றி உட்கார வைத்திருந்தான் அந்தப் பையன். நான் அந்தத் தெருவுக்கு வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. அப்படி ஒரு பாட்டி அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. அவர்கள் வாடகைக்கு இருந்தவர்கள். எங்கள் குழுவிலோ வீட்டு உரிமையாளர்கள் மட்டும். வெள்ளம் முதலில் நுழைவது கீழ்வீட்டில், கீழ்வீட்டில் இருப்பது பெரும்பாலும் குடித்தனக்காரர்கள். யாருக்குச் செய்தி போக வேண்டுமோ அவர்களை விட்டுவிட்டுக் குழு நடத்தியிருக்கிறோம்.

நோட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். கீழே படுப்பவர்கள் எத்தனை பேர், மாடிப்படி ஏற முடியாதவர் யார், ஃப்ரிட்ஜில் இன்சுலின் யாருக்கு, டயாலிசிஸ் போகிறவர் உண்டா, கைக்குழந்தை உண்டா, ஊரில் இல்லாதபோது சாவி யாரிடம். தெருக்கடைசியில் கட்டட வேலை நடக்கும் ஷெட்டில் ஒடிசாப் பையன்கள் தங்கியிருந்தால் அவர்களுக்கும் ஒரு பக்கம். பென்சிலால்தான் எழுதுகிறோம். குடித்தனம் மாறினால் அழித்து எழுதலாம், நனைந்தாலும் பேனா மை மாதிரிக் கரையாது.

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு விஷயம் கூச்சம். வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட கதைகளைக் கேட்டால், "தண்ணி இவ்வளவு வரும்னு நினைக்கல" என்பார்கள். கொஞ்சம் நெருங்கிப் பேசினால்தான் நிஜக் காரணம் வரும். ராத்திரி ஒரு மணிக்கு, பேசிப் பழகாத மாடி வீட்டுக் கதவைத் தட்டி, "நாங்க அஞ்சு பேர் வரலாமா" என்று கேட்க மனம் வரவில்லை. வயசுப் பெண் இருக்கிறாள், மாமனாருக்குப் படுக்கையிலேயே எல்லாம், அவர்கள் சைவம், நாங்கள் அப்படியில்லை. இப்படி யோசித்துக்கொண்டே கட்டில்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், தண்ணீர் கதவைத் திறக்கவிடாத அளவுக்கு ஏறும்வரை.

அதனால் அந்தக் கேள்வியையே கேட்க வேண்டாதபடி செய்துவிட்டோம். அக்டோபர் முதல் ஞாயிறு, கோயில் திண்ணையில் உட்கார்ந்து, எந்தக் கீழ்வீடு எந்த மாடி வீட்டுக்கு என்று இரண்டு குடும்பத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதிவிடுவோம். மாடி வீட்டு அக்கா வாயால் "மழை விட்டு விட்டுப் பெய்தாலும் சாயங்காலமே வந்துடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். அப்போதே கீழ்வீட்டுக்காரர்கள் இரண்டு பாய், ஒரு அரிசி மூட்டை, ஒரு பை துணி மேலே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். சாமான் ஏற்கெனவே அங்கே இருந்தால் ஆள் போவது சுலபம். கழிவறையைப் பற்றியும் அன்றைக்கே வெட்கப்படாமல் பேசிவிடுங்கள். செப்டிக் டேங்க் நிரம்பிக் கீழ்வீட்டுக் கழிவறை எதிர்த்துக்கொண்டு வரும். அதை மணல் மூட்டை வைத்து அடைக்கலாம். மாடியில் மூன்று குடும்பத்துக்கு ஒரு கழிவறை என்றால் சின்டெக்ஸ் டேங்க் ஒரே நாளில் காலி. கரண்ட் போகும் முன்பே அதை நிரப்பிவைப்பது அந்த மாடி வீட்டுக்காரர் பொறுப்பு.

நோட்டை போட்டோ எடுத்துக் குழுவில் போடக்கூடாது என்பதில் நாங்கள் கறார். எந்த வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார், சாவி யாரிடம் என்ற பட்டியல் திருடனுக்கும் உதவும். மாடி வீட்டுப் பெண்கள் இரண்டு பேரிடம் ஒவ்வொரு நோட்டு, அவ்வளவுதான். கேமரா போட்ட பெருமை உங்களுக்கு இருக்கும், இருக்கட்டும். எங்கள் கேமராப் பெட்டி கீழ்வீட்டில் இருந்தது, முதலில் செத்தது அதுதான்.

அடுத்தது, உங்கள் தெருவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2015இல் எல்லோரும் டிவியில் செம்பரம்பாக்கம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள், நகரத்துக்குள் அடையாற்றங்கரையில் இருந்தவர்களை அது பாடாய்ப் படுத்தியது, எல்லாம் உண்மை. ஆனால் செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் சேருவது எங்களுக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம். எங்களை மூழ்கடித்தது மேலே ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளிலிருந்து வந்த தண்ணீர். இது தெரிந்திருந்தால் டிவியை விட்டுவிட்டு ஆதனூர்ப் பக்கம் ஒரு போன் போட்டிருப்போம். இப்போது அங்கே இருக்கும் ஒரு பால்காரர், ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக உபரிநீர் போக ஆரம்பித்ததும் சொல்லிவிடுகிறார்.

செல்போன் செத்தபிறகு சொல்வது எப்படி? எங்களுக்கு வழிகாட்டியது புதுச்சேரி நல்லவாடு. 2004 சுனாமி அன்று சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் செய்ய, ஊர்த் தகவல் மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்து மொத்த ஊரையும் கரையிலிருந்து விலக்கிவிட்டார்கள். மீன் விலையும் அலை நிலவரமும் சொல்ல வைத்திருந்த ஒலிபெருக்கி அது. எங்கள் தெருவில் ஆடி மாதம் கூழ் ஊற்ற வைத்திருக்கும் மைக் செட் இருந்தது. ஒரு பழைய பேட்டரியில் அதை ஓட்ட ஏற்பாடு செய்து, கோயில் மேல்தளத்தில் வைத்துவிட்டோம். அம்மன் பாட்டு இல்லாமல் மைக் கரகரத்தால் எல்லோரும் ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள்.

மற்றதெல்லாம் சில்லறை விஷயம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வாசற்படியைத் தொடும் முன் மெயினை அணைத்து, ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிவிட வேண்டும். காஸ் சிலிண்டர் மிதக்கும். ரெகுலேட்டரைக் கழற்றி மூடிபோட்டு, ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். இன்சுலினை நனையாமல் பொதிந்து ஈர மண்பானைக்குள் வைத்தால் ஃப்ரிட்ஜ் இல்லாமல் சமாளிக்கலாம். ஏடிஎம் வேலை செய்யாது, நூறு ரூபாய்த் தாளாகக் கொஞ்சம் வைத்திருங்கள். தண்ணீர் வடியட்டும் என்று யாராவது மேன்ஹோல் மூடியைத் திறக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். முழங்கால் தண்ணீரில் அந்தக் குழி கண்ணுக்குத் தெரியாது. 112, 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070: இந்த எண்கள் நோட்டின் அட்டையில்.

நாங்கள் செய்த முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். 2016இல் வீட்டுக்கு ஐந்நூறு வசூலித்து ஒரு ரப்பர் படகு வாங்கினோம். பூஜை போட்டு, தேங்காய் உடைத்து, செல்ஃபி எடுத்து, ஒரு ஷெட்டில் மடித்து வைத்தோம். அடுத்த மழைக்கு எடுத்துப் பார்த்தபோது எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அந்தப் பணத்துக்குத் தடிமனான கயிறு நாலு சுருளும் டார்ச்சும் வாங்கியிருக்கலாம்.

2023 மிக்ஜாம் புயல்தான் எங்களுக்குப் பரீட்சை. டிசம்பர் 3 சாயங்காலம் ஆறு மணிக்கே ஏழு கீழ்வீட்டுக்காரர்கள் மேலே போய்விட்டார்கள், தண்ணீர் தெருவுக்கு வரும் முன்பே. யாரும் யாரிடமும் கேட்கவில்லை. தப்பும் நடந்தது. ஒரு மாடி வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார், வீடு பூட்டிக் கிடந்தது. நம்பி வந்த குடும்பம் படிக்கட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தது, எதிர் வீட்டு ஐயா பார்த்துக் கூப்பிடும்வரை. அதிலிருந்து ஒவ்வொரு கீழ்வீட்டுக்கும் இரண்டு மாடி வீடு எழுதுகிறோம்.

இந்த வருடம் முனை வீட்டுக்குப் புதிதாக ஒரு இளம் தம்பதி வந்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு டிசம்பர் இரண்டாம் வாரம் பிரசவ நாள். மாடி வீடு இரண்டும் எழுதியாயிற்று. மழை அறிவிப்பு வந்ததும் தண்ணீர் ஏறாத மெயின் ரோட்டில் ஆட்டோவைக் கொண்டுபோய் நிறுத்தி வைக்க ஒருவர் வேண்டும். அந்த இடம் மட்டும் நோட்டில் காலியாக இருக்கிறது. எதிர் வீட்டுத் தம்பி ஆட்டோ ஓட்டுகிறார், சாயங்காலம் வண்டி விட்டதும் போய்க் கேட்கப் போகிறேன்.