விமானத்தில் லேசர், காற்றில் மீத்தேன்: கேள்வி பதில்

பெருந்துறை மாணவி: ஒளியை வைத்து வாயுவை எப்படிங்க அளக்கிறீர்கள்?

மீத்தேன் 3.3, 7.7 மைக்ரோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பை விழுங்கும். எவ்வளவு ஒளி குறைந்தது என்று பார்க்கிறோம். ஆனால் காற்றில் அது பத்து லட்சத்தில் இரண்டு பங்குகூட இல்லை. அதனால் இரண்டு குழி ஆடிகளுக்கு நடுவே ஒளியைப் பலமுறை ஓடவிட்டுப் பாதையை நீட்டுகிறோம். ஆடிகள் இருக்கும் அந்த மூடிய கலத்துக்குள் அழுத்தத்தையும் குறைத்துவிடுவோம். உறிஞ்சும் கோடுகள், அதாவது வாயு ஒளியை விழுங்கும் குறுகிய அலைநீளங்கள், மெலிந்து, நீராவியின் கோடு மேலே படியாது. முன்பு பயன்பட்ட அகச்சிவப்பு லேசரான ஈய உப்பு லேசரைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் ஊற்ற வேண்டும், விமானத்தில் அது பெரிய தொல்லை. 1994இல் வந்த குவாண்டம் கேஸ்கேட் லேசர் என்ற குறைக்கடத்தி லேசர் பின்னாளில் அறை வெப்பநிலையிலேயே ஓடத் தொடங்கியதும் நிம்மதி. ஒன்று மட்டும்: பறக்கும்போதே அளவு தெரிந்த சிலிண்டர் வாயுவை இடையிடையே செலுத்திச் சரிபார்க்காத எண்ணை நம்பாதீர்கள்.

சூலூர் வாசகர்: டிரோனில் எம்க்யூ-4 என்ற மலிவான வாயு சென்சாரைக் கட்டினால் போதாதா?

போதாது. அது வாயுக் கசிவுக்கு. பத்து லட்சத்தில் சில நூறு பங்கு இருந்தால்தான் வாய் திறக்கும். நாம் தேடும் ஏற்றம் 0.05 பங்கு.

வெள்ளலூர் வாசகர்: எங்கள் குப்பைக் கிடங்கின் மேலே பறந்தால் எவ்வளவு மீத்தேன் வருகிறது என்ற கணக்குத் தெரியுமா?

நேர் மேலே பறந்து பயனில்லை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வரும். கிழக்கே, குறுக்காக, பல உயரங்களில் பறந்து, கூடுதல் மீத்தேனைக் காற்றின் வேகத்தோடு பெருக்க வேண்டும். மேற்கேயும் ஒரு சுற்று போக வேண்டும். இல்லாவிட்டால் ஊர்ச் சாக்கடை, மாடு எல்லாம் குப்பைக் கணக்கில் ஏறும்.

பொள்ளாச்சி விவசாயி: ஏனுங்க, மாட்டை எதுக்கு இழுக்கறீங்க?

அசைபோடும்போது ஏப்பத்தில் வருகிறதுங்களே. பழி சொல்லவில்லை.

வெள்ளலூர்: மீத்தேனில் உள்ள கார்பன்-13 என்ற சற்றுக் கனமான கார்பனை வைத்துப் பிரித்தால் யார் பழி என்று தெரிந்துவிடுமே?

பொள்ளாச்சி: பிரிங்க, பார்த்துக்கலாம்!

இருவரும் பொறுங்கள். குப்பையிலும் மாட்டு வயிற்றிலும் வேலை செய்வது நுண்ணுயிர்தான். கார்பன்-13 விகிதங்கள் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். குலுங்கும் விமானத்தில் அந்த வித்தியாசத்தைப் பிடிப்பது கடினம். இயற்கை எரிவாயுக் கசிவு என்றால் கூடவே ஈத்தேன் வந்து காட்டிக்கொடுக்கும், இங்கே அந்தச் சாட்சியும் இல்லை. காற்று வரும் பக்கம், போகும் பக்கம் இரண்டையும் அளப்பதே வழி. சரிபார்க்கும் சிலிண்டரோடு!

நாமக்கல்: கோழிப்பண்ணை அமோனியா?

முடியும், வேறு லேசர் வேண்டும். அமோனியா குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு தாமதமாக விடும். குழாயைக் குட்டையாக வைத்துச் சூடாக்குங்கள்.

அவிநாசி: எம்க்யூ-4 மலிவாச்சே?

சூலூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

தாராபுரம்: நாலு எம்க்யூ-4 வைத்துச் சராசரி எடுத்தால்?

வேண்டாமுங்க.